எஸ்டிமேட்டில் எழுதாத ஓட்டை

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடி மாமி போன மே மாதம் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஹால் ஜன்னலை மாற்ற ஒருவர் கொடுத்த எஸ்டிமேட். டூ டிராக் ஸ்லைடிங், முக்கால் இன்ச் செக்‌ஷன், 5 எம்எம் கிளாஸ், பிரஷ், ரப்பர், சிலிகான், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு என்று இந்தியில் கிறுக்கியிருந்தது.

"நான் ஜன்னல் வாங்கறேனா, ரயில் தண்டவாளம் போடறேனா? ஒண்ணும் புரியலையே" என்றார் மாமி.

நியாயமான கேள்விதான். ஜன்னல் மாற்றப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கண்ணாடியை, அடுத்தது கலரை. கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெடுவதும் வீட்டைக் கெடுப்பதும் அதைச் சுற்றி இருக்கும் சட்டம். அதிலும் மும்பையில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மழை, ஏறக்குறைய மொத்தமும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நேராக விழுந்தாலாவது பரவாயில்லை, ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சஜ்ஜா தடுத்துவிடும். தென்மேற்குக் காற்று தள்ள, சாய்ந்து வந்து மேற்கு ஜன்னலில் அறைகிற மழை அது. ஜன்னலுக்குப் பழைய தமிழில் காலதர் என்று பேர், காற்றின் வழி. இந்த ஊரில் அது தண்ணீரின் வழியும்தான். ஆகவே மாமிக்குச் சீட்டில் இருந்த சொற்களை விளக்கும்போது தண்ணீர் போகிற பாதையிலேயே போனேன். இங்கேயும் அப்படியே போகிறேன்.

முதலில் இரண்டு சொல். சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்பது ஃபிரேம். அதற்குள் ஓடுவது ஷட்டர். ஊரில் நிலை, கதவு என்கிறோமே, அதே கணக்கு. ஃபிரேமில் நான்கு துண்டு: மேலே ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நிலைக்கால், கீழே ஒன்று. கம்பெனி கேட்டலாக்கைப் புரட்டினால் ஹெட், ஜாம்ப், சில் என்று போட்டிருப்பார்கள். கடையில் டாப், சைடு, பாட்டம். எப்படிச் சொன்னாலும் நான்கில் மூன்று துண்டுக்குப் பெரிய வேலை இல்லை. பாரம், தண்ணீர், தூசி, புறா எச்சம் எல்லாவற்றையும் சுமப்பது அந்த அடிச்சட்டம் ஒன்றுதான்.

செக்‌ஷன் என்பது அலுமினியத்தை அச்சில் அழுத்திப் பிதுக்கி எடுத்த நீளத் துண்டு. முறுக்குக் குழலில் மாவைப் பிழிகிற மாதிரி. அச்சு என்ன வடிவமோ, நீளம் முழுக்க அதே வடிவம் வரும். முக்கால் இன்ச், ஒரு இன்ச், 27 எம்எம் டோமல் என்று கடையில் சொல்வதெல்லாம் இந்தத் துண்டின் அளவையும் ரகத்தையும் குறிக்கிற பேர்கள். முக்கால் இன்ச் மெலிசு, விலையும் குறைவு. சிறிய பாத்ரூம் ஜன்னலுக்குப் போதும். நாலாவது மாடியில், கடல்காற்று நேராக மோதுகிற ஆறடி ஜன்னலுக்கு நான் அதைப் போடமாட்டேன்.

டிராக் என்பது அடிச்சட்டத்தின் மேல் தண்டவாளம் மாதிரி எழுந்து நிற்கும் வரப்பு. மாமி கிண்டலாகக் கேட்டது ஒருவகையில் சரி. டூ டிராக் என்றால் இரண்டு தண்டவாளம், அதில் இரண்டு கண்ணாடி ஷட்டர். த்ரீ டிராக் என்றால் மூன்றாவதில் கொசுவலை ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்துவைக்க ஆசை இருந்தால் த்ரீ டிராக்குக்கே காசு போடுங்கள். பின்னால் தனியாக வலை ஒட்டுகிற வேலை அழகாகவும் வராது, நிலைக்கவும் நிலைக்காது.

ஷட்டருக்கும் நான்கு பக்கம் உண்டு. கீழ்ப்பக்கம் பேரிங் பாட்டம். அதற்குள்தான் சக்கரங்கள் ஒளிந்திருக்கும், பெரும்பாலும் இரண்டு. இந்தச் சக்கரத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அது சுமக்கிற எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, இரண்டரைக் கிலோ. 5 எம்எம் என்றால் பன்னிரண்டரைக் கிலோ. இரண்டரை அடி அகலம், நாலடி உயரம் உள்ள ஷட்டரில் கண்ணாடி மட்டுமே பதினொன்றரைக் கிலோவுக்கு மேல், அலுமினியம் தனி. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையில் சுமார் பாதியை இரண்டு சின்னச் சக்கரத்தில் ஏற்றி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இழுக்கிறோம். மலிவான நைலான் சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டால், "ஜன்னல் டைட்டாயிடுச்சு" என்று தேங்காய் எண்ணெய் விடுகிறோம். எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் டைட்டாகும். மாற்ற வேண்டியது சக்கரத்தை.

ஷட்டரின் ஒரு பக்கம் ஹேண்டில் செக்‌ஷன், லாக் உட்காருகிற இடம். எதிர்ப்பக்கம் இண்டர்லாக். இரண்டு ஷட்டரையும் மூடும்போது நடுவில் ஒன்றின் கொக்கி இன்னொன்றின் கொக்கியில் விரல் கோத்த மாதிரி மாட்டிக்கொள்ளும், அதுதான். இரண்டுக்கும் நடுவே மிச்சமாகிற இடைவெளியை அடைப்பது பிரஷ், அதாவது வரிசையாக முடி நட்ட நாடா. இதற்கு வூல் பைல் என்றும் பேர். ரப்பர் என்பது கண்ணாடியை ஷட்டரின் பள்ளத்தில் பிடித்துவைக்கிற கறுப்புப் பட்டை. அதில் வெயில் மழை தாங்குகிற இபிடிஎம் ரகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதா ரகம் இரண்டு வெயிலில் சுருங்கி, மூலையில் இடைவெளி விட்டுவிடும்.

இவ்வளவுதான் சீட்டில் இருந்த சொற்கள். மாமிக்குத் திருப்தி. எனக்குத் திருப்தி இல்லை, சீட்டில் இல்லாத ஒரு விஷயத்துக்காக நான் இரண்டு மழைக்காலம் அழுதிருக்கிறேன்.

என் வீட்டில் தேக்கு ஜன்னலை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டபோது, போட்டவர் மிகவும் கவனமாக, துளி தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று அடிச்சட்டத்தின் வெளிப்பக்கத்தில் கண்ணில் பட்ட பிளவு, துளை எல்லாவற்றிலும் சந்து அடைக்கிற சிலிகான் பசையை அடைத்துவிட்டுப் போனார். பார்க்க அவ்வளவு நறுவிசு. ஜூன் முடிவதற்குள் டிராக்கில் தண்ணீர் குளமாக நின்று, உள்வரப்பைத் தாண்டி, சோபாவின் முதுகு வழியாக இறங்கியது. அவர் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் சிலிகான் அடைத்தார். அடுத்த மழைக்கு இன்னும் சீக்கிரம் நிரம்பியது.

கடைசியில் தாராவி 90 அடி ரோடு பக்கம் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் வந்தார். ஷட்டரைத் தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, டிராக்கில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, ஸ்லைடிங் ஜன்னல்ல தண்ணி உள்ள வரத்தான் செய்யும். வந்த தண்ணி போக வழி இருக்கான்னுல்லா பாக்கணும். அந்த வழியைத்தான அடைச்சு வச்சிருக்கான்!"

அவர் சொன்னதுதான் ஃபிரேமைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல். ஓடுகிற ஷட்டருக்கும் ஓடாத ஃபிரேமுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் முடியாது, இருந்தால்தான் ஓடும். பிரஷ் காற்றின் வேகத்தைத் தணிக்கும், தூசியைப் பிடிக்கும், தண்ணீரை முழுக்க நிறுத்தாது. சாய்ந்து அடிக்கிற மழையில் கொஞ்சம் டிராக்குக்குள் இறங்கியே தீரும். அப்படி இறங்கியது வெளியே வழிய, அடிச்சட்டத்தின் வெளிமுகத்தில் நீளவாக்கில் சின்னத் துளைகள் போடுவார்கள். வீப் ஹோல் என்று பேர். நடு வரப்பிலும் துளை வேண்டும், அப்போதுதான் உள் டிராக்கின் தண்ணீர் வெளி டிராக்குக்கு வரும். உள்துளையும் வெளித்துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்கக்கூடாது. இருந்தால் அதே வழியாகக் காற்று நேராக உள்ளே பீய்ச்சும். கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். எஸ்டிமேட்டில் யாரும் எழுதாத உறுப்பு இது. உறுப்புகூட இல்லை, வெறும் ஓட்டை.

ஓட்டை இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளியே காற்று பலமாக அடிக்கும்போது அந்த ஓட்டையின் வாயிலும் காற்று அழுத்துகிறது. டிராக்கில் நிற்கிற தண்ணீருக்கு அந்த அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டு வெளியேறப் போதிய உயரம் வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தண்ணீரை நிறுத்திவைக்கும். காற்று இரட்டிப்பானால் அழுத்தம் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். ஆகவே 72 கிலோமீட்டரில் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர், அதாவது ஒரு இன்ச் அளவுக்குத் தண்ணீர் நின்ற பிறகுதான் துளை வழியே போகும். அது வரை தண்ணீரை வீட்டுக்குள் விடாமல் பிடித்துவைப்பது அடிச்சட்டத்தின் உள்பக்கத்து உயர்ந்த விளிம்பு. அந்த விளிம்பு அரை இன்ச்தான் என்றால், புயல்காற்று அன்றைக்கு எத்தனை துளை இருந்தும் ஹாலில் தண்ணீர்தான்.

மெலிசான செக்‌ஷனில் இந்த உள்விளிம்பு குட்டை. கடைக்காரர் சாம்பிள் துண்டு காட்டும்போது கலரைத் தடவிப் பார்க்காமல், டிராக்கின் பள்ளத்திலிருந்து உள்விளிம்பு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அண்ணாச்சி என் வீட்டில் செய்தது கால் மணி நேர வேலை. கத்தியால் சிலிகானைச் சுரண்டித் துளைகளைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றைக் காட்டினார். அடிச்சட்டமும் நிலைக்காலும் சேருகிற மூலை. அலுமினிய ஃபிரேமில் இந்த மூலையை வெட்டி ஸ்க்ரூ போட்டு முடுக்குகிறார்கள். வெளியில் பார்த்தால் ஒட்டினாற்போல இருக்கும். உள்ளே முடி இழை அளவு சந்து. அதன் வழியாக இறங்குகிற தண்ணீர் ஹாலுக்குள் வராது; சுவருக்குள் போய், கீழ்வீட்டு ஜன்னல் தலையில் பெயிண்ட்டை உப்பவைக்கும். ஃபிரேமை முடுக்குவதற்கு முன்பே அந்தச் சந்தில் சிலிகான் வைத்துவிட வேண்டும். அடிச்சட்டத்தை ஊடுருவிக் கீழே ஸ்க்ரூ அடித்திருந்தாலும் இதே கதைதான், ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு குழாய். சிலிகான் அடைக்க வேண்டிய இடத்தில் அடைக்காமல், அடைக்கக் கூடாத இடத்தில் அடைத்திருந்தார் அந்த மனிதர்.

சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே

மாற்று ஜன்னல் என்றால் இரண்டு வழி. பழைய நிலையை உடைத்து எடுத்துவிட்டுச் சுவரோடு புது ஃபிரேமைப் பொருத்துவது ஒன்று. பழைய மர நிலையை அப்படியே விட்டு, அதன் மேல் புதியதை உட்காரவைப்பது இன்னொன்று. இரண்டாவதில் தூசி குறைவு, ஒரே நாளில் முடியும், டைல் உடையாது. ஆனால் நாலு பக்கமும் வெளிச்சம் குறுகும், பழைய மரத்தில் கரையான் இருந்தால் அதற்குப் புதுக் கூரை போட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். மரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நுனி பொசுக்கென்று இறங்கினால் உடைத்து எடுப்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஃபிரேமுக்குக் கீழே ஒரு கல் இருக்கும், கடப்பாவோ கிரானைட்டோ. இது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். மும்பை மேஸ்திரி 'டால்' என்பார், நம்மூர்க் கொத்தனார் 'வாட்டம்' என்பார். வாட்டம் உள்பக்கமாக இருந்தால் உலகத்தின் சிறந்த ஜன்னலும் தோற்கும். கல்லின் வெளி நுனி சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்து, அதன் அடியில் ஒரு காடியும் வெட்டியிருந்தால் தண்ணீர் கல்லின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவருக்குத் திரும்பாமல் சொட்டிவிடும். பழைய கட்டடங்களில் இதைப் பார்க்கலாம். இப்போது பலர் கேட்பதே இல்லை.

அளவு எடுக்கிற நாளில் கூடவே நில்லுங்கள். சுவரில் விட்ட திறப்பு ஒருபோதும் சரியான சதுரமாக இருக்காது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, குறைந்ததைத்தான் எழுத வேண்டும். மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். மாமி வீட்டில் மேலுக்கும் கீழுக்கும் நாலு நூல் வித்தியாசம். நூல் என்றதும் நினைவு வருகிறது: தச்சுவேலை செய்த என் தாத்தா இன்ச்சில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார். இங்கே பட்டறையில் அதே எட்டில் ஒரு பங்கு 'சூத்'. இந்தியில் சூத் என்றாலும் நூல்தான். அண்ணாச்சி எங்களிடம் "ரெண்டு நூல் விடணும்" என்பார், திரும்பி உதவிக்கு நிற்கும் பையனிடம் "தோ சூத்" என்பார்.

அந்த இரண்டு நூல் எதற்கு? ஃபிரேமைச் சுவரோடு இறுக்கி அடித்துவிட்டால் வெயிலில் விரிய இடம் இருக்காது. ஆறடி அலுமினியம் 30 டிகிரி சூட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் சட்டம் அதைவிட மூன்று மடங்கு, சுமாராக ஒரு நூலே நீளும். அதனால் சுற்றிலும் சந்து விட்டு, அதில் முதலில் ஃபோம் கயிறு ஒன்றைத் திணித்து, மேலே சிலிகான் போட வேண்டும். கயிறு இல்லாமல் வெறும் சிலிகானைத் திணித்தால் அது ஃபிரேம், சுவர், அடி என மூன்று பக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஃபிரேம் அசையும்போது இழுபட முடியாமல் கிழியும். இரண்டு பக்கம் மட்டும் ஒட்டினால் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபட்டுத் திரும்பும். அப்புறம், டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது சிமெண்டுக்கும் மார்பிளுக்கும் ஆகாத ரகம். நியூட்ரல் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விலையில் கொஞ்சம் ஏறும், மறுவருடமே உரிந்து தொங்காது. ஈரச் சிமெண்ட் நேரடியாக அலுமினியத்தில் படவும் கூடாது, அதன் காரம் உலோகத்தை அரிக்கும். ஃபிரேம் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை வேலை முடியும் வரை உரிக்காமல் விடச் சொல்வது அதனாலும்தான். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடல் உப்புக்காற்றில் சாதா இரும்பு ஸ்க்ரூ இரண்டே வருடத்தில் துருக்கோடு அழும்.

யுபிவிசி பற்றியும் மாமி கேட்டார். அடுத்த விங்கில் யாரோ போட்டிருக்கிறார்களாம். அது பிளாஸ்டிக்தான், ஆனால் மிருதுவாக்கும் பொருள் சேர்க்காத கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளே அறை அறையாகக் காலியிடம், நடு அறையில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அந்த இரும்பு இல்லாத யுபிவிசி பெரிய ஜன்னலுக்கு வளைந்துகொடுக்கும். வாங்கும்போது வெட்டு முகத்தைப் பாருங்கள், இரும்பு இருக்கிறதா என்று தெரியும். மூலைகளை உருக்கி ஒட்டுவதால் மேலே சொன்ன மூலைச் சந்துப் பிரச்சினை இதில் கிடையாது, அது பெரிய லாபம். சத்தமும் குறையும் என்பார்கள். குறைவது சட்டத்தால் மட்டும் இல்லை. இடைவெளி இறுக்கமாக அடைபடுவதாலும், நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி போட்டால் அதனாலும். வீப் ஹோல் இதிலும் உண்டு. அதையும் சிலிகானால் அடைக்கிற புண்ணியவான்கள் உண்டு.

கண்ணாடி பற்றி ஒன்றே ஒன்று. அது நேராக அலுமினியத்தின் மேல் உட்காரக் கூடாது. அகலத்தை நான்காகப் பிரித்தால் முதல் கால், மூன்றாவது கால் புள்ளிகளில் கீழே இரண்டு ரப்பர் கட்டை வைத்து, அதன் மேல்தான் நிற்க வேண்டும். இதை விட்டுவிட்டு, ஒரு நாள் காரணமே இல்லாமல் மூலையிலிருந்து விரிசல் ஓடினால் வெயில் மேல் பழி போடுவார்கள்.

ஷட்டரைக் கழற்றுவதும் தெரிந்திருக்க வேண்டும். மேல் சட்டத்தின் பள்ளம் ஆழமானது. ஷட்டரை மேலே தூக்கினால் அந்தப் பள்ளத்துக்குள் ஏறும், அடி டிராக்கை விட்டு விலகும், அடிப்பக்கத்தை வீட்டுக்குள் இழுத்து எடுத்துவிடலாம். மழைக்கு முன் ஒருதடவை இப்படி எடுத்து டிராக்கைக் கழுவினால், பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த முடியும் மண்ணும் சேர்ந்து துளையை அடைத்திருப்பது தெரியும். பல் தேய்க்கிற பழைய பிரஷ் போதும். தனியாகச் செய்யாதீர்கள். தூக்கினால் கழன்றுவிடும் என்பதே ஆபத்தும்கூட. பலத்த காற்று அதைத் தூக்காமல் இருக்க மேல் பள்ளத்தில் ஒரு சின்ன அடைப்புக் கட்டை போடுவார்கள். போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். நாலாவது மாடியிலிருந்து கீழே ஆட்டோ ஸ்டாண்ட்.

மாமி கடைசியில் எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அண்ணாச்சியையே கூப்பிட்டார். 27 எம்எம், த்ரீ டிராக். மே கடைசி வாரத்தில் ஒரே நாளில் மாட்டி முடித்துவிட்டு, அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, மாமி சமையலறையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தார். நான் சொல்லிக்கொடுத்ததுதான். டிராக்கில் மெதுவாக ஊற்றினார். மூவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் உள் டிராக்கில் பரவி, நடுத்துளைக்குள் நுழைந்து, வெளியே இரண்டு இடத்தில் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. எல்லாம் போன பிறகும் இடது மூலையில் மட்டும் ஒரு ஸ்பூன் தண்ணீர் நின்றது.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அடிச்சட்டத்தின் மேல் வைத்தார். குமிழி வலப்பக்கம் ஒரு கோடு தள்ளி நின்றது. சிலிகான் இன்னும் காயவில்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தி, இடது அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, மறுபடி முடுக்கினார். மாமி இன்னொரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினார். இந்தத் தடவை எதுவும் நிற்கவில்லை. பாக்கிப் பணம் இருந்த கவரை அதற்கப்புறம்தான் பீரோவிலிருந்து எடுத்தார்.